தேவாங்கின் எல்லைக்குள் குடியிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரின் அடுக்ககச் சங்கங்களிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களிலும், கல்வி மற்றும் ஆராய்ச்சி வளாகங்களின் தோட்டப் பராமரிப்புப் பிரிவுகளிலும் பொறுப்பு வகிக்கும் பெருமக்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில், மழைக்கு முந்திய கிளை வெட்டும் பணிக்கு நீங்கள் ஒப்புதல் தருகிறீர்கள். எத்தனை மரம், எத்தனை ஆள், எத்தனை லோடு, என்ன கூலி என்பவையெல்லாம் அந்த ஒப்புதல் தாளில் இருக்கின்றன; எந்த மரத்தின் எந்தக் கிளை அடுத்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற விவரம் மட்டும் அதில் ஒருபோதும் இருப்பதில்லை. அந்த ஒரு விவரத்தை நம்பியே உயிர் வாழும் விலங்கு ஒன்று உங்கள் வளாகங்களில் இருக்கிறது என்பதையும், அதன் வாழ்வு வனத்துறையைவிடவும் நீதிமன்றத்தைவிடவும் உங்கள் செயற்குழுவின் கையில்தான் அதிகம் இருக்கிறது என்பதையும் உங்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டிய தேவையிலிருந்தே இம்மடல் எழுதப்படுகிறது.

அந்த விலங்கு தேவாங்கு. கன்னடத்தில் காடுபாப என்று வழங்கப்படும் இது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும், இரவில் இயங்கும் முதனி. முதனி என்பது குரங்கு, கிப்பன், மனிதன் ஆகியோரை உள்ளடக்கிய பாலூட்டி வரிசையின் பெயர். எடை 300 கிராமைத் தாண்டுவது அரிது; வால் கிடையாது; முகத்தில் பாதியைக் கண்களே பிடித்துக்கொள்ளும். மெலிந்த மனிதரைக் கேலி செய்யத் தமிழர் வாயில் இன்றும் இதன் பெயர் வருகிறது, ஆனால் கேலி செய்பவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறையும் பார்த்தவர்கள் அல்லர் என்பது வேறு செய்தி. 1909இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்திலும், ஹெப்பாளத்துக்கு அப்பால் ஜி.கே.வி.கே. எனப்படும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலும் இது இன்றும் வாழ்கிறது. 2014இல் ஆய்வாளர் காபேரி கர் குப்தா தொடங்கிய நகர்ப்புறத் தேவாங்குத் திட்டத்தில், உங்களைப் போன்ற நகரவாசிகளே இரவில் விளக்குடன் நடந்து இதைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். ஆகவே பெங்களூரில் தேவாங்கா என்று வியக்கும் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. அது இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதன் இருப்பைப் பொருட்படுத்தாமல் மரம் வெட்டப்படுவதே இம்மடல் சொல்லும் குறை.

தேவாங்கு இருளில் சீழ்க்கை ஒலி எழுப்பும். ஆணும் பெண்ணும் எழுப்பும் அந்தக் கூர்மையான ஒலி, இன்னொரு தேவாங்கை அழைப்பதற்கு மட்டுமன்று, இந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று அறிவித்துத் தள்ளி நிற்கச் செய்வதற்கும் பயன்படுகிறது என்று களஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே இரண்டு கருத்துகளைப் பிரித்தறிவது நல்லது. ஒரு விலங்கு இரை தேடவும் உறங்கவும் இணை சேரவும் வழக்கமாகச் சுற்றிவரும் இடம் அதன் நடமாட்டப் பரப்பு. அதில் தன் இனத்தின் மற்றவை நுழையாதபடி ஒலியாலோ மணத்தாலோ சண்டையாலோ காக்கும் பகுதி அதன் ஆட்சி எல்லை. தேவாங்கு இவ்விரண்டையும் ஒலியோடு மணத்தாலும் எழுதிவைக்கிறது: தன் சிறுநீரைக் கைகால்களில் பூசிக்கொண்டு நடப்பதால், பற்றிய கிளை ஒவ்வொன்றிலும் அதன் கையொப்பம் விழுகிறது. கிளையை வெட்டி லாரியில் ஏற்றும்போது அந்தக் கையொப்பமும் சேர்ந்தே போகிறது.

பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சிந்து ராதாகிருஷ்ணாவும் மைசூருப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் திண்டுக்கல் பகுதியில் நடத்திய ஆய்வு, ஆண் தேவாங்கின் நடமாட்டப் பரப்பு சராசரியாக ஏறத்தாழ 3.6 ஹெக்டேர் என்றும் பெண்ணினது ஏறத்தாழ 1.6 ஹெக்டேர் என்றும் காட்டியது. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு நான்கு. அந்த அளவுகள் முள்மரக் காட்டுக்கும் தோப்புக்கும் உரியவை, நகரத்தில் மாறக்கூடும் என்பது உண்மையே. எனினும் அவை உணர்த்தும் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். புலிக்கும் யானைக்கும் பாதுகாப்பு என்றால் அது மாநில அளவில், பல நூறு சதுர கிலோமீட்டர் அளவில் முடிவாகிறது; எந்தக் குடியிருப்புச் சங்கமும் அதில் பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நான்கு ஏக்கர் என்பது உங்களுடைய பெரிய அடுக்ககங்கள் பலவற்றைவிடச் சிறியது. ஒரு தாய்த் தேவாங்கு பிறந்து, ஈன்று, குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய்த் திரும்பி, முதுமை அடையும் உலகம் முழுவதும் உங்கள் மதில் சுவருக்குள் அடங்கிவிடக்கூடும் என்றால், அந்த உலகத்தைப் பற்றிய இறுதி முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை உங்கள் செயற்குழுக் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது என்றே பொருள். இவ்வளவு சிறிய கைகளில் இவ்வளவு முழுமையான அதிகாரம் வேறெந்த விலங்கின் விஷயத்திலும் சேர்ந்திருப்பதாகச் சொல்ல முடியாது.

ஒலியால் எல்லை காக்கும் வழக்கம் முதனிகளிடையே பரவலானது என்றாலும், அதைப் பாட்டு என்றே அழைக்கத்தக்க அளவுக்கு வளர்த்தவை சில குழுக்களே: மடகாஸ்கரின் இந்திரி, தென்கிழக்காசியாவின் தார்சியர், தென்னமெரிக்காவின் டிட்டி, ஆசியக் காடுகளின் கிப்பன். இவற்றுள் பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் இணையாக வாழ்பவை என்பதும், அந்த இணை சேர்ந்தே பாடுகிறது என்பதும் ஆய்வாளர்களை நெடுநாள் ஈர்த்துவந்த ஒற்றுமை. இந்தியாவின் ஒரே மனிதக்குரங்கு வகையான ஹூலக் கிப்பன் வடகிழக்கில் காலைப் பொழுதில் எழுப்பும் இணைப்பாட்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பக்கத்துக் குடும்பம் அதைக் கேட்டு மறுபாட்டு எழுப்பும். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது சண்டை இல்லாமலேயே தீர்ந்துவிடும். பாடுவதற்குச் செலவாகும் ஆற்றல் கொஞ்சமன்று. முந்தைய இரவு மழை பெய்து உடல் நனைந்திருந்தால் கிப்பன்கள் குறைவாகப் பாடுகின்றன, பழம் மிகுந்த காலத்தில் கூடுதலாகப் பாடுகின்றன என்று வெவ்வேறு காடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுவதால், பாட்டு என்பது காட்டின் விளைச்சலைக் காதால் படிக்க உதவும் ஏடு என்று கொண்டாலும் தவறில்லை. தேவாங்கின் சீழ்க்கை இந்த வரிசையில் சேராது. அதற்குச் சந்தமும் இல்லை, இணைப்பாட்டும் இல்லை. ஆனால் செய்யும் வேலை ஒன்றுதான்.

அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் உள்ள ஹொல்லோங்காப்பர் கிப்பன் சரணாலயம், இந்தப் பாட்டுக்கும் கிளைக்கும் உள்ள உறவை உங்களுக்குப் புரியவைக்கும் இடம். ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டை ஆங்கிலேயர் காலத்து ரயில் பாதை இரண்டாகப் பிளக்கிறது. கிப்பன் தரையில் இறங்குவது அரிது; கிளை தொடாத இடத்தில் அதற்குச் சாலையும் ஆறும் ரயில் பாதையும் ஒன்றே. எதிர்ப்பக்கத்துப் பாட்டு காதில் விழும், போய்ச் சேர வழி இருக்காது; பக்கத்துக் குடும்பத்திலிருந்து இணை தேடிவரும் இளம் விலங்கு வராது. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023இல் அந்தப் பாதையையே காட்டுக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று எழுதினார்கள். ஒலி எட்டும் தொலைவும் உடல் எட்டும் தொலைவும் வெவ்வேறாகிவிட்டால் எல்லை என்பதற்கே பொருளில்லை என்ற இந்தப் பாடம், ரயில் இல்லாத உங்கள் வளாகத்துக்கும் பொருந்தும். அங்கே ரயில் பாதையின் வேலையைச் செய்வது, இரு வரிசை மரங்களுக்கு நடுவே கார் நிறுத்துவதற்காக நீங்கள் திறந்துவிட்ட பத்தடி வானம்.

பத்தடியா, இதற்கா இத்தனை பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். தேவாங்கு தாவுவதில்லை. அது ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் பத்தடியின் கனம் விளங்கும். பின்கால்கள் இரண்டும் கிளையைக் கிடுக்கிபோலப் பற்றியிருக்க, உடலை மெல்ல முன்னுக்கு நீட்டி, ஒரு கையால் அடுத்த மரத்தின் சுள்ளியைத் துழாவிப் பிடிக்கும். பிடித்ததை இழுத்துப் பார்க்கும். சுள்ளி வளைந்து தன் பக்கம் வந்தால் மறு கையையும் மாற்றும். அதன் பிறகே பின்கால் ஒன்று விடும், மற்றொன்று இன்னும் பழைய கிளையிலேயே இருக்கும். மூன்று பிடிகள் உறுதியாகாமல் நான்காவது விடுவதில்லை. ஆள்காட்டி விரல் குறுகி, கட்டைவிரல் அகன்று எதிர்நிற்கும் கை அதற்காகவே அமைந்தது. கைகால்களின் ரத்தக் குழாய்கள் மெல்லிய இழைகளாகப் பிரிந்து பின்னிக் கிடப்பதும் தசை சோராமல் நெடுநேரம் பற்றியிருக்கத் துணைபுரிகிறது என்று உடற்கூற்றியலார் கருதுகிறார்கள். இவ்வளவு ஏற்பாடும் தன் உடலின் நீளத்தைச் சற்றே மிஞ்சும் இடைவெளிக்குத்தான் போதும். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் அது தரையில் இறங்கி நடக்க வேண்டும். தரையில் தெரு நாய்களும் வண்டிகளும் இருக்கின்றன. இல்லையென்றால் மின்கம்பியைக் கிளை என்று எண்ணிப் பற்ற வேண்டும்.

இன்னொரு முதனியின் விஷயத்தில் இந்த மாநிலத்தில் ஏற்கெனவே நடந்துவிட்டதை நினைவுகூர்வது இங்கே பொருந்தும். நாட்டுக்குரங்குகள் பெருகிவிட்டன, பால்கனியில் பூந்தொட்டியை உடைக்கின்றன என்று சங்கக் கூட்டங்களில் முறையீடு வராத மாதம் இல்லை. ஆனால் மைசூருச் சுற்றுவட்டத்தில் சாலையோரக் கூட்டங்களைப் பல ஆண்டுகளாக எண்ணிவந்த ஆய்வாளர்கள், 1989க்கும் 2015க்கும் இடையே அவற்றின் எண்ணிக்கை 65 விழுக்காட்டுக்கு மேல் சரிந்ததைக் கண்டார்கள். சாலையை அகலப்படுத்த ஆலும் அரசும் அத்தியும் வெட்டப்பட்டதே அதற்குப் பெரிய காரணமாக நின்றது. 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நாட்டுக்குரங்கை அழிவாய்ப்புள்ள இனம் என்று வகைப்படுத்தியபோது, எங்கும் இருக்கும் குரங்குக்கா என்று பலரும் நம்பவில்லை. கண்ணெதிரே பகலில் திரியும் விலங்கு குறைவதையே உணராத நகரம், இரவில் மட்டும் வெளிவரும் தேவாங்கு குறைவதை எப்படி உணரும்? நாட்டுக்குரங்கு தரையிலும் மாடியிலும் கூரையிலும் பிழைத்துக்கொள்ளும். தேவாங்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

சட்டம் இருக்கிறதே என்பது உங்களில் சிலரின் பதிலாக இருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கு இருக்கிறது. அதைப் பிடிப்பதும் கொல்வதும் வைத்திருப்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். இவ்விரு சட்டங்களுக்கும் இடையே ஒரு பெரிய ஓட்டை கிடக்கிறது. முதலாவது விலங்கைக் காக்கிறது, ஆனால் உங்கள் வளாகத்தின் கிளையைக் கேட்பதில்லை. இரண்டாவது மரத்தை எண்ணுகிறது, ஆனால் மரத்துக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணுவதில்லை. வெட்டிய மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நடப்பட்டது என்று கணக்கு நேராகும்போது, அந்தப் பத்தும் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஏரிக்கரையில் இடுப்பளவு நிற்க, வளாகத்தில் கூரைபோல் பின்னிக் கிடந்த விதானம் இரண்டு துண்டாகி நிற்கும். அனுமதி வாங்கி, ஈடு செய்து, ஒரு விதியையும் மீறாமல் ஒரு தேவாங்குக் குடும்பத்தை அழித்துவிட முடியும் என்பதே இன்றைய நிலை. ஆகவே சட்டத்தின் பக்கம் கையைக் காட்டிவிட்டு நீங்கள் விலகிக்கொள்ள இடமில்லை.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று இம்மடல் சொல்லவில்லை. மே மாதப் புயல் மழையில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும் சாய்ந்து வண்டிகள் நசுங்குவதையும் உயிர்கள் போவதையும் இந்நகரம் ஆண்டுதோறும் காண்கிறது. பட்ட கிளையையும், உளுத்த கிளையையும், வீட்டுக் கூரையின் மேல் சாய்ந்த கிளையையும் வெட்டத்தான் வேண்டும். குறை, வெட்டுவதில் இல்லை. ஒப்பந்தக்காரருக்குக் கூலி லோடு கணக்கில் தரப்படுவதால் எது எளிதில் லாரி நிரப்புமோ அதை வெட்டும் முறையில் இருக்கிறது. மரத்தின் நடுவில் நிற்கும் ஆபத்தான பட்ட கிளையைத் தேடி ஏறுவது கடினம். ஓரத்தில் நீண்டு அடுத்த மரத்தைத் தொடும் பச்சைக் கிளையை ஏணி வைத்து வெட்டுவது எளிது. விளைவாக, விழக்கூடியது மரத்திலேயே இருக்கிறது, பாலமாக நின்றது போய்விடுகிறது. மின்கம்பி உரசுகிறது என்பது அடுத்த காரணம். மின் வழங்கல் நிறுவனமான பெஸ்காம் மேல்கம்பிகளை நிலத்தடிக் கேபிள்களாக மாற்றிவரும் இக்காலத்தில், மரவரிசை ஓரமாகப் போகும் கம்பிகளை முதலில் மாற்றுங்கள் அல்லது உறையிட்ட கம்பியாக்குங்கள் என்று சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் கேட்பது, ஆண்டுதோறும் கிளை வெட்டக் கூலி கொடுப்பதைவிட உங்களுக்கே சிக்கனமானது.

விதானத்துக்கு அடுத்தபடியாகக் கேடு செய்பவை இரண்டு. மரத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி இரவு முழுதும் எரியும் அலங்கார விளக்குகள், இருளுக்கென்றே அமைந்த கண்களை உடைய விலங்கை அந்த மரத்திலிருந்து விலக்குகின்றன. அளவின்றி அடிக்கப்படும் பூச்சிமருந்தும் கொசுப்புகையும், எறும்பையும் வண்டையும் அந்துப்பூச்சியையும் தின்று வாழும் தேவாங்கின் உணவைக் கெடுக்கின்றன. இவை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அணைக்கக்கூடிய விளக்கை அணைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மீட்பு என்ற பெயரில் நடப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தரையிலோ மதில் மேலோ தேவாங்கைக் கண்டவுடன், வழி தவறி வந்துவிட்டது பாவம் என்று பிடித்து, நகருக்கு வெளியே ஒரு காட்டில் விடச் சொல்லும் நல்ல மனம் உங்கள் குடியிருப்புகளில் பலருக்கு இருக்கிறது. அது பெரும்பாலும் வழி தவறி வந்ததன்று. தன் எல்லைக்குள்ளேயே, நீங்கள் உண்டாக்கிய இடைவெளியைக் கடந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுபோய் விடும் காட்டில் ஒவ்வொரு மரமும் ஏற்கெனவே வேறொரு தேவாங்கின் சீழ்க்கைக்கும் மணத்துக்கும் உட்பட்டது. எங்கே உணவு, எங்கே உறக்கம் என்று ஒன்றும் தெரியாமல், எல்லாத் திசையிலிருந்தும் விரட்டப்படும் அந்நியனாகவே அது அங்கே வாழ முயல வேண்டும். அடிபடாத விலங்கை அது போக நினைத்த மரத்தில் ஏறவிட்டு நாய்களை விலக்கி நிற்பதே உதவி. அடிபட்டதை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மாந்திரீகத்துக்கென்று தேவாங்கைப் பிடித்து விற்போரும் இருப்பதால், வளாகக் காவலர்களுக்கும் தோட்டப் பணியாளர்களுக்கும் இது முதல் அட்டவணை விலங்கு என்பதைச் சொல்லி வைப்பது உங்கள் கடமை.

முடியாத ஒன்றை இம்மடல் கேட்கவில்லை என்பதற்குச் சான்று வெளியிலேயே இருக்கிறது. தும்கூரு அருகே நாகவல்லி என்ற ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் மாணவர்களும் சேர்ந்து தங்கள் ஊர்த் தேவாங்குகளைப் பேர்போனவையாக்கினார்கள். வால்பாறையின் புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டப்பட்ட தொங்குபாலங்களில் சிங்கவால் குரங்குகள் கடந்து போகின்றன. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. பெங்களூரில் அப்படி ஒன்று அமைய நிலம் இல்லை, அமையவும் போவதில்லை. இங்கே இருப்பவை உங்கள் மதில்களுக்குள் சிதறிக் கிடக்கும் நான்கு ஏக்கர்களும் பத்து ஏக்கர்களும்தான்.

ஆகவே வரும் கிளை வெட்டும் பருவத்துக்கு முன், மார்ச் மாதத்துக்குள் கூடும் செயற்குழுவில் நீங்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது. வளாகத்தில் மரத்தோடு மரம் தொடும் கிளைகள் எவை என்று பகலில் ஒருமுறை நடந்து பார்த்து அவற்றில் வண்ணத் துணி கட்டப்பட வேண்டும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்குடன், தேவாங்கைப் பற்றி அறிந்தவர் ஒருவர் துணையிருக்க, சில இரவுகள் விதானத்தைத் தேட வேண்டும். விளக்கொளியில் செம்மஞ்சளாய் மின்னும் இரு கண்கள் தெரிந்த மரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். துணி கட்டிய கிளை ஆபத்தானது என்று மரவியல் அறிந்த ஒருவர் எழுதித் தந்தாலொழிய வெட்டக் கூடாது என்றும், அப்படி வெட்ட நேர்ந்தால் அதே இடத்தில் முதலில் தடித்த கயிற்றுப் பாலம் ஒன்று கட்டிய பிறகே வெட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பகலில் தேவாங்கு அடர்ந்த கிளைப் பின்னலிலும் மூங்கில் புதரிலும் உருண்டையாகச் சுருண்டு உறங்கும் என்பதால், அரிவாள் வைக்கும் முன் அந்தப் பின்னலை ஏறிப் பார்ப்பதற்கு ஓர் ஆளை நிறுத்த வேண்டும்; அந்த ஆளுக்கான அரை நாள் கூலியையும், கூலியை லோடு கணக்கிலிருந்து மரக் கணக்குக்கு மாற்றுவதையும் இந்த ஆண்டின் பராமரிப்புச் செலவிலேயே சேர்த்துவிட முடியும். தீர்மானத்தின் நகலை மர அதிகாரிக்கும், மதிலுக்கு அப்பால் உங்கள் மரங்களைத் தொடும் மரங்களை உடைய பக்கத்து வளாகத்தின் சங்கத்துக்கும் அனுப்புங்கள்.